நெடுங்கேணிக் கல்பாத்தியில் ரமோண்டா: ஒரு நிகழ்வு ஆய்வு

ரமோண்டா என்ற ஐரோப்பிய மலைச்செடியை வன்னி வெயிலில் வளர்க்கப் பார்த்த ஒரு வளவின் பதிவு இது. 2021 மார்கழியில் விதை தூவினோம். 2023 தையில் மிஞ்சிய மூன்று செடிகளையும் மலைநாட்டுக்கு அனுப்பினோம். இடையில் நடந்ததை நான் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். நிழல் விரும்பும் செடி என்றால் என்ன என்பதை நான் அதுவரை தவறாக விளங்கியிருந்தேன் என்று அந்தக் கொப்பிதான் எனக்குக் காட்டியது. நான் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன். நெல், உழுந்து, கச்சான் என்று பழகிய கை. பூஞ்செடி எனக்குப் புதிது.

வளவு நெடுங்கேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளவுக்காரி எனக்கு அக்கா முறை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அங்கே மிஞ்சியிருந்தது கிணறும் இரண்டு வேம்பும் மட்டும். வீடு பிறகு கட்டியது. வீட்டின் வடக்குச் சுவரோடு ஒட்டி, பழைய வீட்டின் அத்திவாரக் கற்களைக் கொண்டு இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்பாத்தி அடுக்கியிருந்தா. அதற்குள் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் சுவிஸிலிருந்து மருமகள் ரமோண்டா விதை பற்றிச் சொன்னாள்.

மருமகளோடு வேலை செய்யும் சேர்பியப் பெண் ஒருத்தி ஒவ்வொரு நவம்பரிலும் நெஞ்சில் ஊதா நிறப் பூச்சின்னம் ஒன்று குத்திக்கொண்டு வருவாளாம். என்ன பூ என்று கேட்டிருக்கிறாள். முதலாம் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஐ நினைவுகூர 2012 முதல் சேர்பியாவில் அணியும் சின்னம் அது, ரமோண்டாப் பூ. காய்ந்து சருகான பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி பச்சையாகும் செடி என்பதால் அதைத் தெரிந்தெடுத்தார்கள். அக்காவுக்கு இதைக் கேட்டதுமே மனம் அதிலே போய்விட்டது.

"தம்பி, அது இஞ்ச வருமோ வராதோ எண்டு சொல்லாதேங்கோ. எப்பிடி வைக்கிறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

சரி என்றேன். ஆனால் விதை என்றாலும் வெளிநாட்டிலிருந்து கடிதத்துக்குள் வைத்து அனுப்பக் கூடாது, 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி எடுத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கே நாலு மாதம் போனது. அந்த நாலு மாதத்தில் செடியைப் பற்றிப் படித்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது பிரனீஸ் மலையின் இனம், ரமோண்டா மைக்கோனி. ஸ்பெயினின் வடகிழக்கிலும் பிரான்சின் தெற்கிலும் உள்ள சுண்ணக்கல் பாறைகளின் வெடிப்புகளில், வெயில் படாத வடக்குப் பக்கமாக வளர்வது. சுருக்கம் விழுந்த கரும்பச்சை இலைகள் தட்டையாக வட்டமாய் விரிந்திருக்கும். இலையின் அடிப்பக்கம் துருநிற மயிர். நடுவிலிருந்து எழும் தண்டில் ஐந்து இதழ் ஊதாப் பூ, உள்ளே கூம்பாகச் சேர்ந்த மஞ்சள் மகரந்தப்பை. வருடம் முழுக்க இலை உதிர்ப்பதில்லை, பனியைத் தாங்கும். பேரினத்துக்கு 1805இல் இந்தப் பேரை வைத்தது, பிரனீஸ் மலையெங்கும் ஏறித் திரிந்த ரமோன் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவாக.

எனக்கு நம்பிக்கை தந்தது இன்னொரு விசயம். ரமோண்டா சேர்ந்த குடும்பம் கெஸ்னேரியேசியே. வீட்டு யன்னல்களில் வைக்கும் ஆபிரிக்க வயலட்டும் அதே குடும்பம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள், அநேகமாக எல்லாம் வெப்ப நாடுகளுக்குரியவை. ஐரோப்பாவில் இருப்பவை ஐந்தே ஐந்து, பனியுகங்களுக்கு முந்திய காலத்தின் எச்சங்கள். எங்கள் நாட்டிலும் மலைக்காட்டின் ஈரப் பாறைகளில் ஹென்கெலியா என்ற சொந்தக்காரச் செடி பூக்கிறது. அப்படியென்றால் சூடு இதன் இரத்தத்தில் எங்கேயாவது இருக்கும் என்று நினைத்தேன். அது பிழையான கணக்கு. பாட்டன் வெயிலில் நின்றான் என்பதற்காகப் பேரன் நிற்பான் என்றில்லை.

விதைப்பு

விதை தூள் மாதிரி. மூக்கால் பலமாக மூச்சு விட்டாலே பறந்துவிடும். மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். சலித்த ஆற்றுமணல், உமிக்கரி, தும்புத்தூள் மூன்றையும் கலந்து கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, மூன்று ஐஸ்கிறீம் பெட்டிகளில் நிரப்பினோம். அக்கா ஒரு கடதாசியை மடித்து, அந்த மடிப்பில் விதையைக் கொட்டி, விரலால் தட்டித் தட்டித் தூவினா. நான் பக்கத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சடக்கிக்கொண்டு நின்றேன்.

மார்கழியைத் தெரிந்தெடுத்தது சரியான முடிவு. வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் இரவு 21, 22 பாகை செல்சியஸ் வரை இறங்கும். வருடத்தில் அதைவிடக் குளிர் எங்களுக்குக் கிடையாது. ஐந்தாம் கிழமை பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. சாமை அரிசியின் அளவுகூட இல்லை. மூன்று பெட்டியிலுமாக 31 எண்ணினோம்.

அதற்குப் பிறகு பெட்டிகளை மூன்று இடத்தில் வைத்தோம். ஒன்று வடக்குச் சுவரடியில், கல்பாத்தியின் மேலே. 12 நாற்று. ஒன்று கிணற்றுக்குள், கட்டின் உட்பக்கத் திட்டில், தண்ணீருக்கு நாலு முழம் மேலே. 9 நாற்று. மூன்றாவதற்கு அக்கா சொன்ன யோசனை. மலையில் இராத்திரிக்குக் குளிர்தானே, அப்போ இராத்திரிக்கு மட்டும் பிரிட்ஜில் வைத்தால் என்ன என்றா. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது நல்ல கேள்வி. மரக்கறி வைக்கும் அடித்தட்டில் எட்டுப் பத்துப் பாகை இருந்தது. மாலை ஆறு மணிக்கு உள்ளே, காலை ஆறு மணிக்கு வெளியே கிழக்கு யன்னலடியில். 10 நாற்று.

வடக்குச் சுவர்

பங்குனி வரை மூன்று பெட்டியும் ஒரே மாதிரித்தான் இருந்தன. சித்திரை பிறந்ததும் சுவரடிப் பெட்டி குழம்பத் தொடங்கியது.

இங்கேதான் என் முதலாவது பிழை. மலைச்செடி பற்றி எழுதும் எல்லாரும் வடக்குப் பக்கத்தில் நடு என்பார்கள். பிரனீஸ் கிட்டத்தட்ட வட அகலக்கோடு 42, 43இல் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். வடக்குச் சுவருக்கு உச்சி வெயில் தெரியாது. நெடுங்கேணி இருப்பது 9 பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது, பிறகு வடக்கே போய்விடுகிறது. ஆவணி நடுப்பகுதியில்தான் திரும்பித் தலைக்கு மேலால் தெற்கே போகும். ஆக, சோளகம் அடிக்கும் அந்த நாலரை மாதமும், எங்களுக்கு மிகவும் வெக்கையான, மழை குறைந்த காலம் முழுவதும், வெயில் வாங்குவது வடக்குச் சுவர். ஆனி மாதம் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சூரியன் வடகிழக்கிலிருந்து சுவர் முழுவதையும் மஞ்சளாய் நனைத்துக்கொண்டிருந்தது. தெற்குச் சுவரடி நிழலில் கிடந்தது. இதை என் கண்ணால் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். வெளிநாட்டு அறிவுரையைப் படித்தபோது மட்டும் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

வேம்பு கொஞ்சம் மறைத்தாலும் போதவில்லை. வைகாசிக் கடைசியில் 12 நாற்றும் சுருண்டு சாம்பல் நிறமாகின. ஒவ்வொன்றும் விரல்நகத்தளவு. தொட்டால் தேயிலைத் தூள் மாதிரிச் சரசரத்தது.

அன்று பின்னேரம் அக்கா அந்தப் பெட்டியை உள்ளே எடுத்து வந்து, மண்பானை வைக்கும் மூலையில் வைத்து, ஈரச் சீலையால் மூடினா. தண்ணீர் ஊற்றவில்லை, தெளித்தா. அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு எனக்கு அழைப்பு.

"தம்பி, ஒருக்கா வாங்கோ. பாத்திட்டுப் போங்கோ."

போனேன். ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். 12இல் ஐந்து நாற்றின் இலைகள் விரிந்திருந்தன. ஓரம் மட்டும் பழுப்பு. நடுவில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது, பச்சை என்று முழுசாகச் சொல்ல முடியாத, ஊறவைத்த பயறின் தோல் போன்ற நிறம். மூடியிருந்த மயிரெல்லாம் நிமிர்ந்து அதில் நீர்த்துளி நின்றது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் இருந்தா. நான் தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வெயில் வரும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

பத்தாம் நாள் ஐந்தும் அழுகிப் போயின. அடிக்குருத்து மண்ணிறமாகிக் கொழகொழத்து, இலையைப் பிடித்தால் கையோடு வந்தது.

ஏன்? காய்ந்ததால் சாகவில்லை என்பது தெளிவு. காய்வது இந்தச் செடிக்குத் தெரிந்த வேலை. மலையில் அதை எழுப்புகிற மழை குளிரையும் கூடவே கொண்டுவருகிறது. காய்ந்த உடம்பைச் செப்பனிட அதற்கு நாட்கள் வேண்டும், அந்த நாட்களில் பங்கசு வேகம் பிடிக்காதபடி குளிர் காவல் நிற்கிறது. எங்கள் வீட்டுக்குள் இரவு 27 பாகை. ஈரம் கொடுத்தோம், காவல் கொடுக்கவில்லை.

கிணறு

கிணற்றுப் பெட்டியில்தான் நான் மனம் வைத்திருந்தேன். வெயில் இல்லை, காற்று இல்லை, ஈரப்பதம் உண்டு. மத்தியானத்தில் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவினால் சில்லென்று இருக்குமே, அந்தக் குளிர் போதும் என்று நினைத்தேன்.

சித்திரையில் ஒருநாள் வாளியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 28 பாகை. நம்பாமல் விடியப்புறமும் பார்த்தேன். 28. காற்றின் சூடு ஏறி இறங்குகிறது, கிணற்றின் சூடு நின்ற இடத்தில் நிற்கிறது. நிலத்தடி நீரின் சூடு அந்தந்த ஊரின் வருடச் சராசரிக்குக் கிட்டவே இருக்கும். வன்னியின் சராசரி அதுதான். மத்தியானம் குளிர்கிற அதே தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததே.

"அப்ப கிணத்துத் தண்ணியும் சூடே?" என்றா அக்கா.

"ஓமக்கா. எங்களுக்குத்தான் அது குளிர்."

கிணற்று நாற்றுகள் ஒன்றும் காயவில்லை, அழுகவும் இல்லை. மெலிந்தன. இலைக்காம்பு நீண்டு, இலை சிறுத்து, வெளிறி, ஒன்றொன்றாய்ப் படுத்தன. ஆடி முடிய ஒன்றும் இல்லை. இந்தச் சாவுதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. செடி பகலில் வெளிச்சத்தில் உணவு செய்கிறது, இரவும் பகலும் மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கிறது. பத்துப் பாகை சூடு கூடினால் அந்தச் செலவு சுமார் இருமடங்காகும். மலைநிழலில் வருமானம் குறைவு, ஆனால் குளிரிரவில் செலவும் குறைவு, மீதம் இலையாகிறது. எங்கள் கிணற்றுக்குள் வருமானம் இன்னும் குறைவு, செலவோ இரண்டு மூன்று மடங்கு. பட்டினிதான் கிடந்தது. வாடுகிறதே என்று நாங்கள் கிணற்று வாயில் இன்னொரு கிடுகு போட்டோம். அதால் இன்னும் விரைவாகப் பட்டினி போட்டிருக்கிறோம்.

பிரிட்ஜ்

மூன்றாவது பெட்டி தனிக் கதை. காலை வெயில் யன்னலால் சாய்வாக ஒன்றரை மணித்தியாலம் பட்டது. கிணற்றுப் பெட்டியைவிட இதற்கு வெளிச்சம் அதிகம், கவனித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இலை தடித்து, அடியில் துருநிறம் ஏறி, மண்ணோடு படிந்து வளர்ந்தது.

2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்றது நினைவிருக்கும். அந்த நாட்களில் பிரிட்ஜ் அலுமாரி மாதிரித்தான். அக்கா பெட்டியை மண்சட்டிக்குள் இறக்கி, சட்டியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டி, காற்றுப்படும் திண்ணையில் வைத்தா. அது நல்ல வேலை செய்தது, ஆனால் ஒரு எல்லை வரைக்கும். வறண்ட காற்றில் ஈரம் ஆவியாகும்போது சட்டி குளிரும், 25 பாகை வரை இறங்கியது, ஒரு விடியலில் 24. அதற்குக் கீழே போகவில்லை. எங்கள் காற்றில் உள்ள ஈரம் அதற்குமேல் விடாது. அந்தக் கிழமைகளில் மூன்று நாற்று போயின. கறண்ட் வெட்டுக் குறைந்ததும் மற்ற ஏழும் பிடித்துக்கொண்டன. ஆவணியில் அவை ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றியளவு.

கல்பாத்தி

ஏழில் நாலை ஐப்பசியில் கல்பாத்தியில் நட்டோம். சூரியன் தெற்கே திரும்பியிருந்ததால் பாத்தியின் வடக்கு முகத்திலேயே வைத்தோம். பூநகரிப் பக்கமிருந்து கொண்டுவந்த சுண்ணக்கல் துண்டுகளை எங்கள் கருங்கல்லுக்கிடையில் செருகி, வெடிப்பில் செடியைப் படுக்க வைத்து நட்டோம். நிமிர்த்தி நட்டால் குருத்தில் தண்ணீர் தேங்கும், சரித்து நட்டால் வழிந்து போகும். இது உலகம் முழுக்க ரமோண்டா வளர்ப்பவர்கள் செய்வது. அடைமழையிலும் குருத்துக்குள் ஒரு துளி நிற்கவில்லை, அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

ஒரு இரவு ஒன்பதரைக்குக் கல்லில் கை வைத்தேன். மழையில்லாத நாள். காற்று 26 பாகை. கல் 29. நிழலில் இருந்த கல்தான், ஆனாலும் பகலெல்லாம் குடித்த சூட்டை அது இருட்டில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மலையில் கல் வேருக்குக் குளிர்ச்சி. இங்கே அதே கல் இரவு முழுக்க அணையாத அடுப்பு. எங்கள் கருங்கல் மிகப் பழைய பாறை. புவிச்சரிதவியலாளர் அதற்கு இந்த மண்ணின் பேரை வைத்தே வன்னித் தொகுதி என்கிறார்கள். அந்தக் கல்லில் மருள் வளரும், கள்ளி வளரும். அவற்றுக்கு அந்தச் சூடு வழக்கம்.

கார்த்திகை மழையில் நாலும் அடியில் அழுகின. மார்கழி பத்தாம் திகதிக்குள் முடிந்தது. நாங்கள் நட்ட முறையில் பிழையில்லை என்று இப்போதும் சொல்வேன். 23, 24 பாகைக்குக் கீழே இறங்காத, காயாத இரவுகள் தொடர்ச்சியாக ஒரு மாதம். அதை எந்தச் சரிவும் எந்தச் சுண்ணக்கல்லும் மாற்றாது.

முடிவாகச் செய்தது

மிஞ்சியது பிரிட்ஜில் மூன்று. அக்கா அதை அப்படியே வைத்திருக்க விரும்பினா. நான் மறுத்தேன், கொஞ்சம் கடுமையாகவே. கறண்ட் போனால் சாகிற செடியைத் தோட்டம் என்று சொல்ல முடியாது, அது வைத்தியசாலை என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அப்ப எங்கயாவது உயிரோட இருக்கட்டும்" என்றா.

நுவரெலியாவில் அவவின் சிறிய தாயின் மகன் தோட்டத்தில் வேலை செய்கிறான். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். தை மாத இரவில் சில நாள் உறைபனி விழும் ஊர். 2023 தையில் மூன்றையும் ஒரு சோற்றுப் பெட்டிக்குள் ஈரப்பாசி சுற்றி, இரவு பஸ்ஸில் நானே கொண்டுபோனேன். லயத்துக்குப் பின்னால் ஒரு கல்லணை இருக்கிறது, மண் சரியாமல் கட்டியது. அதன் வெடிப்பில், கிழக்குப் பக்கமாக, சரித்து நட்டோம். ஒன்றை நத்தை தின்றது. மற்ற இரண்டும் நின்றன.

வன்னியில் கல்பாத்தி வைக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். செடியின் விவரத்தில் நிழல் என்று போட்டிருந்தால், அதன் ஊரின் இரவுச் சூட்டைத் தேடிப் பாருங்கள். 15 பாகைக்குக் கீழே என்றால் காசையும் மனதையும் மிச்சப்படுத்துங்கள். பாத்தியின் திசையைப் படித்து முடிவெடுக்காமல், ஆனி மாதம் ஒருநாள் காலை ஏழுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் போய் நின்று பாருங்கள். நெடுங்கேணிப் பாத்தியில் இப்போது மருள் நிற்கிறது, காட்டுக் கரையிலிருந்து கொண்டுவந்தது. வருடம் முழுக்கப் பச்சை, வேம்பு நிழலில் புள்ளி வரியோடு அழகாகவே இருக்கிறது. அக்கா அதற்குத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை.

2025 சித்திரையில் நுவரெலியாவிலிருந்து படம் வந்தது. கல்லணையில் ஒரு செடி, நடுவில் ஒரே ஒரு தண்டு, அதில் இரண்டு பூ. ஒன்று விரிந்தது, ஒன்று மொட்டு. அக்கா படத்தை விரல்களால் பெரிதாக்கி, பூவை விட்டுவிட்டு அடி இலையைத்தான் முதலில் பார்த்தா. ஓரத்தில் ஒரு பழைய பழுப்பு வடு இருந்தது.

"இது எங்கட பெட்டியில இருந்ததுதான். இந்த இலை எனக்குத் தெரியும்."